பத்து பியூரெட்

வேதியியல் டீச்சர் கைபேசியைக் காதில் வைத்ததும் அக்காவின் மூச்சிரைப்புத்தான் முதலில் கேட்டது.

"அதிகாரி டீ வேண்டாம்னுட்டாருடி. நேரா உன் ஸ்கூலுக்குத்தான் வர்றாரு."

"குழாயெல்லாம்?"

"உங்க மாமா இப்பதான் வேன்ல ஏத்துறாரு. எப்படியாவது சமாளி."

பள்ளியிலேயே செய்முறைத் தேர்வு நடத்த வேண்டுமானால் லேப் மேசையில் பத்து பியூரெட் நிற்க வேண்டும். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் நீளக் கண்ணாடிக் குழாய் அது. டீச்சரிடம் உருப்படியாக இருந்தது மூன்று. பக்கத்து ஊர்ப் பள்ளியில் இதே பாடம் நடத்தும் அக்காவிடம் ஏழு. புதிதாகக் கேட்டு எழுதிய கடிதங்கள் கிணற்றில் போட்ட கல். அதனால் காலையில் பத்தும் அக்காவின் மேசையில் நின்றன. தேர்வுக்கு அனுமதி தர லேபைச் சோதிக்க வரும் அதிகாரி அங்கே பார்த்து முடித்து டீ குடிக்கிற நேரத்தில் பத்தும் இங்கே வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு.

போன வருஷம் இந்தப் பள்ளிப் பெண்களை நகரத்துக்குப் போய்ச் செய்முறை எழுதச் சொன்னார்கள். ஐந்து பேரை அவ்வளவு தூரம் வீட்டில் அனுப்பவில்லை. அவர்கள் படிப்பு அத்தோடு நின்றது.

ஜீப் வந்துவிட்டது. லேபில் வெறும் ஸ்டாண்டுகள் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றன.

"பியூரெட் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"கழுவிட்டிருக்காங்க சார்." டீச்சர் அவசரமாகச் சொன்னாள்.

"பத்தையுமா?"

"எங்க டீச்சர் ரொம்ப சுத்தம் பார்ப்பாங்க சார்," என்றாள் வாயாடி என்று பேர் வாங்கிய மாணவி. "கரும்பலகையையே சோப்பு போட்டுக் கழுவச் சொன்னவங்க."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. தராசைத் தட்டிப் பார்த்தார். அலமாரியைத் திறந்தார், மூடினார். வாயாடி சத்தமில்லாமல் நழுவினாள். பின்சுவருக்கு அப்பால் வேன் வந்து நின்றது. "மெதுவா பாப்பா, பச்சப் பிள்ளையத் தூக்குற மாதிரி!" என்ற மாமாவின் குரல் ஜன்னல் வழியே தெளிவாகக் கேட்டது. டீச்சர் பலமாக இருமினாள்.

பெண்கள் குழாய்களை நெஞ்சோடு அணைத்து வந்து ஸ்டாண்டில் மாட்டினார்கள். டீச்சர் மனசுக்குள் எண்ணினாள். பத்து. பிறகுதான் கவனித்தாள். ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஊதா நிறம். அக்காவின் மாணவிகள் அதிகாரிக்குச் செய்துகாட்டிய சோதனையின் பெர்மாங்கனேட் கரைசல். அவசரத்தில் யாரும் கழுவவில்லை.

அதிகாரி ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "இதுதான் கழுவினதா? விளிம்புல கீறல் விட்ட இதே குழாயை இப்பதான் அந்த ஸ்கூல்ல கையில வச்சிருந்தேன்."

இனி எந்தப் பொய் சொன்னாலும் அக்காவும் சேர்ந்து மாட்டுவாள்.

"ஆமா சார். எங்களோடது மூணு, அவங்களோடது ஏழு. ரெண்டு ஸ்கூலுக்கும் ஒரே நாள் தேர்வு வைக்காதீங்க சார். அவங்களுக்குத் திங்கள், எங்களுக்குப் புதன். ரெண்டு நாளும் மேசையில பத்து இருக்கும். விதி அதைத்தானே கேக்குது? யாரோடதுன்னு கேக்கலையே."

"விதியை எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"இல்ல சார். கெஞ்சுறேன்."

அவர் குழாயைத் திரும்ப மாட்டினார். பிடி இறுகியிருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார்.

"தேதியை மாத்திப் போடுறேன். ரெண்டு நாளும் நானே வருவேன். ஒம்பது இருந்தா நடத்த விடமாட்டேன்."

ஜீப் கிளம்பும் முன்பே கைபேசி அலறியது.

"என்னடி ஆச்சு? எனக்கு உயிரே போகுது."

"ரெண்டு ஸ்கூலுக்கும் அனுமதி கிடைச்சிருச்சுக்கா. ஆனா உன்கிட்டயிருந்து வர்ற வழியில ஒண்ணு உடைஞ்சாலும் என் பிள்ளைங்க கதை முடிஞ்சுது."

"அப்ப உங்க மாமா கையில குடுக்காதே," என்றாள் அக்கா.

டீச்சர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். வேனின் முகப்பில் புதிதாக விழுந்திருந்த நசுங்கலை மாமா கைக்குட்டையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நானே பஸ்ல வந்து, மடியில வச்சு எடுத்துட்டு வர்றேன்க்கா," என்றாள்.