பார்க்க வந்தவர்

மலேசியாவில், லாபு ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டும் தாயம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மகன் அர்ச்சுனன் சிரம்பானில் ஓவியம் தீட்டிப் பிழைக்கிறவன். தங்கச்சியைத் தவிர வேறெதையும் ஒழுங்காக வரையத் தெரியாதவன். அவன்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"தங்கச்சிய பாக்க கேஎல்லேருந்து டாக்டர் அமிர்தலிங்கம் வர்றாரும்மா. நான் வரைஞ்சதப் பாத்து ரொம்ப ஆசப்படுறாரு. படம் எடுக்கணுமாம். தலைக்கு மட்டும் எண்ண வெக்காத லா."

பெண் பார்க்க வருகிறவர் படம் கேட்பது முறைதானே. எண்ணெய் வேண்டாம் என்பது கோலாலம்பூர் டவுன்காரர்களின் நாகரிகமாக இருக்கும். ஆனால் இருபத்திரண்டு வயதாகியும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசாத மகள் பஞ்சாலையை, தகரக் கூரையில் மழை விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுகிறவளை, ஒரு டாக்டர் எதற்குக் கேட்கிறார்? தாயம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அட, எதற்குக் கேட்டால் என்ன, கேட்கிறாரே. தனக்குப் பிறகு இவள் கதி என்ன என்ற கவலைதான் அவளை இத்தனை வருஷமாக அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை மகளுக்குப் பட்டுப்புடவையைச் சுற்றிவிட்டாள். பஞ்சாலை அலறிக்கொண்டு உருவி எறிந்தாள். பழைய கைலியும் அண்ணன் சட்டையும்தான் அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். சரி, பிடித்துப்போய் வருகிறவருக்கு இது ஒரு பெரிய விஷயமா என்று தாயம்மா விட்டுவிட்டாள்.

டாக்டர் வந்தார். கேசரியைச் சாப்பிட்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு மெஷினையும் கொத்துக் கொத்தாக ஒயரையும் வெளியே எடுத்தார். தாயம்மா மகன் பக்கம் திரும்பினாள்.

"என்னடா இது, போட்டோ எடுக்கலையா?"

"தலையில ஒயர ஒட்டி மூளையத்தாம்மா படம் எடுக்குறாரு, எண்ண இருந்தா ஒட்டாது. மழச் சத்தம் கேட்டா இவளுக்கு உள்ளுக்குள்ள என்ன நடக்குதுன்னு கோடு கோடா வரும். அத வெச்சு நான் பெயிண்டிங் செய்வேன். ரெண்டு பேரும் சேந்து கேஎல்ல கண்காட்சி வெக்கப் போறோம்."

"அப்ப பொண்ணு பாக்க வரலையா?"

அவள் என்ன நினைத்திருந்தாள் என்று அப்போதுதான் ஆண்கள் இருவருக்கும் உறைத்தது. அர்ச்சுனன் முகம் செத்துப்போயிற்று.

"இதுக்கு ஆட்டிசம்னு பேரும்மா," என்றார் டாக்டர் அவசரமாக. "உங்க பொண்ணுக்கு இந்த உலகம் எப்படி இருக்குன்னு அந்தப் படத்துல எல்லாரும் பாப்பாங்க."

வந்தது கோபமா அழுகையா என்று தாயம்மாவுக்கே தெரியவில்லை.

"பாக்கட்டும் டாக்டர், நல்லா பாக்கட்டும். நான் போன பெறகு இவள யாரு பாப்பா?"

அர்ச்சுனன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் மெஷினைப் பார்த்தார்.