ஆடி மாதக் கடிதம்

“பின்னட்டையில அட்டிகை படம் போடுறேன். பாக்குறது யாரு? பல்லு போன பெரியவரு! அவருக்கு எதுக்கு லா அட்டிகை?”

சிராங்கூன் ரோட்டு நகைக்கடைக்காரர் பரமசிவம் தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். சந்திரமதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜாலான் புசார் கடைவீட்டு மாடியில் அவள் நடத்திவந்த ‘அடுத்த வீடு’ மாதப் பத்திரிகை, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றாம் ஆண்டில் அந்தப் பின்னட்டை விளம்பரத்தால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

“என்ன செய்யணுங்கிறீங்க, அண்ணே?”

“கல்யாணம் நிச்சயமானா சனங்க உங்களுக்குத்தானே எழுதுது? அச்சுல வர்றதுக்கு முன்னாடி பேரையும் விலாசத்தையும் எனக்குக் குடுங்க. பொண்ணு பேரைப் போட்டே வாழ்த்து அட்டை அனுப்பிடுறேன். முடியாதுன்னா, பின்னட்டைக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க.”

வேறு ஆள் இல்லையென்று இருவருக்கும் தெரியும்.

அவர் படியிறங்கியதும், கடிதம் பிரித்துக்கொண்டிருந்த உதவியாசிரியை உர்சுலா நிமிர்ந்தாள்.

“வேணாம்க்கா. நம்மளை நம்பி எழுதுறாங்க.”

“எப்படியும் அச்சுல வர்ற சேதிதானேடி? கொஞ்சம் முந்திச் சொன்னா என்ன குடி முழுகிடப்போகுது?”

வைகாசியில் எதுவும் முழுகவில்லை. ஆனியிலும் இல்லை. ஆடி வந்தது. ஆடியில் எந்த வீட்டில் தட்டு மாற்றுவார்கள்? பரமசிவம் தொலைபேசியில் நச்சரித்தார்.

“ஒண்ணுகூடவா இல்ல?”

ஒன்று இருந்தது. உட்லண்ட்ஸிலிருந்து ஜோசபின் என்ற பெண் எழுதியது. மாதாகோயில் வீட்டுப் பெண்ணுக்கு ஆடி ஏது? தான் விரும்பிய இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போவதாகவும், இரு வீட்டாருக்கும் தெரியாதென்றும் எழுதி, சாட்சிக்கு யாரை அழைக்கலாமென்று யோசனை கேட்டிருந்தாள். அடியில், ‘தயவுசெய்து பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள், அக்கா.’

பத்திரிகையில் போடத்தான் இல்லையே என்று மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, சந்திரமதி பேரையும் விலாசத்தையும் தொலைபேசியில் வாசித்தாள்.

மறுவாரம் ஜோசபினே படியேறி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது. கையில் பொன்னிற அட்டை. ‘மணமகள் ஜோசபினுக்கு நல்வாழ்த்து! தாலிக்கு எங்களிடம் வாருங்கள்.’

“அப்பாதான் தபால் பெட்டியைத் திறந்தாரு.”

“உக்காரும்மா...”

“என்னை அடிச்சுக் கேட்டுட்டு, நேரா பையன் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாரு. அவங்க மகனைக் கப்பல் ஏத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. எந்த ஊருன்னுகூட எனக்கு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.” “கூடப் பொறந்தவகிட்டகூட நான் சொல்லலைக்கா. உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன்.”

உர்சுலா சந்திரமதியையே பார்த்தாள். அட்டையை மேசையில் வைத்துவிட்டு ஜோசபின் இறங்கிப் போனாள்.

கோயில் வாசலிலும், மாதாகோயில் பூசை முடிந்து வருகிற கூட்டத்திலும் ஒரே பேச்சு. “அங்க எழுதிடாதே. நகைக்கடைக்குப் போயிடும்.”

தை பிறந்தது. ஊரெல்லாம் மேளச் சத்தம். ஒரு வீட்டிலிருந்தும் கடிதம் வரவில்லை.

“கடிதமே வராத பத்திரிகையில எனக்கு எதுக்கும்மா விளம்பரம்?” என்றார் பரமசிவம்.

“நீங்க கேட்டதைத்தானே அண்ணே குடுத்தேன்!”

“கேக்குறது என் வியாபாரம். நீங்க ஏன் குடுத்தீங்க?”

மாசி இதழின் பின்னட்டை வெள்ளையாகவே போனது. பங்குனிக்கு இதழே இல்லை.