யானை உறங்கிய ஓடு

பழவங்காடியில் கொம்பன் யானை ஒன்று, சிவதாணு பிள்ளை சுட்ட தரையோட்டின்மேல் மத்தியானம் முழுக்கக் கிடந்து உறங்கியது. அது விட்ட குறட்டையில் கடைப் பலகைகள் ஆடின. ஓட்டில் மட்டும் கீறல் இல்லை. இதைச் சொல்லாமல் பிள்ளை ஒருநாளும் இலைமுன் உட்கார்ந்ததில்லை. இன்று அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டியவர்களும் அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

பொன்னம்மை சிரிக்கவில்லை. புருஷனின் அரைஞாணில் தொங்கிய சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூளைக்கொட்டகைச் சாவி. சீமை ஓடு வந்து நாட்டு ஓட்டை விரட்டிய பிறகு, இடிந்த கொட்டாரத்தில், ராஜாவின் பழைய அரண்மனையில், கிடைத்த பச்சை ஓட்டுச் சில்லு ஒன்றை வைத்துப் பழைய மெருகைத் தாமே திரும்பக் கண்டுபிடித்ததாகப் பிள்ளை சொல்லித் திரிந்தார். மண் கரமனை ஆற்று மண். சரி, பச்சை எங்கிருந்து? கொட்டகைக்குள் யாரையும் விடமாட்டார். படுதா மூடிய வண்டியிலிருந்து சாக்குகள் கலகலவென்று இறங்கும். சீமை ஓட்டை வாங்கி, முதுகிலுள்ள கம்பெனிப் பேரைச் சுரண்டி விற்கிறார் என்று அவள் என்றைக்கோ முடிவுகட்டிவிட்டாள். சர்க்கார் கட்டடத்துக்கு நாட்டு ஓடு தருவதாக வேறு கையெழுத்துப் போட்டிருந்தார். பொய்யானால் கேஸ், செத்தவருக்குக் கள்ளன் என்று பேர்.

"அக்கா, என்ஜினீயர் ஆபீஸ் ஆளு வந்திருக்கான்," என்றான் தம்பி பகவதிப்பெருமாள். "அவன் கொட்டகையப் பாக்கதுக்கு முன்ன நாம பாத்திருவோம். சீமை ஓடு கெடந்தா ஆத்துல தள்ளீரலாம்."

திறந்தார்கள். சீமை ஓடு ஒன்றுகூட இல்லை. சாக்குச் சாக்காக உடைந்த கண்ணாடி வளையல். களவு போய்விட்டதென்று அவள் தெருவையே கூட்டிய திருகை அங்கே உட்கார்ந்திருந்தது, வாயெல்லாம் பச்சைப் பொடியுடன். பலகையில் கொட்டாரத்துச் சில்லும் புது ஓடும் பக்கத்தில் பக்கத்தில். பச்சையில் எள்ளளவும் பேதமில்லை.

"ஒடஞ்ச வளையல் வீட்டுக்கு ஆகாதுன்னு நீ குதிப்பேல்லா," என்றான் தம்பி, மெல்ல. "அதாக்கும் பூட்டி வச்சிருக்காரு."



பாடை எடுக்குமுன் பெண்கள் அவள் கையைப் பிடித்து வளையல்களை உடைத்தார்கள். எல்லாம் பச்சை. துடைப்பத்தோடு வந்த வேலைக்காரி தாசம்மாளைக் கையமர்த்திவிட்டு, பொன்னம்மை சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டாள்.

வாசலில் ஆபீஸ்காரன் யானைக் கதையைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். அதெல்லாம் அத்தான் சும்மா அடித்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான் தம்பி.

யானை உறங்கியதாகப் பிள்ளை சொன்ன அந்த மத்தியானம் பொன்னம்மை வீட்டில் உளுந்து உடைத்துக்கொண்டிருந்தாள், தெருவுக்கே தெரியும்.

"ஆனை உறங்கிச்சு, பெருமாளு," என்றாள் தலை நிமிராமல். "நான் பாத்தேன்."

முந்தானையை முடிந்தாள். உள்ளே கலகலவென்றது.