குண்டன் ஏறிய பஸ்

செம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் காலனியில், ஸ்ரீநிவாசராகவன் வீட்டுக் கொல்லையில் ஒரு பஸ் நிற்கிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். உள்ளூர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். அவர்களில் பலர் அதில் ஏறி உட்கார்ந்தவர்கள்.

உண்மையில் அது பஸ் இல்லை. செடிகளுக்காகக் கட்டிய கண்ணாடி வீடு. கட்டி முடித்தபோது பஸ்ஸாகிவிட்டது. அதற்கு ராகவன் காரணமில்லை, வெல்டிங் மோகன்ராஜ்தான் காரணம். மோகன்ராஜைக் கேட்டால், மாமி அமெரிக்கா போனதுதான் காரணம் என்பான்.

மாமி என்பது ராகவனின் மனைவி வேதா. இரண்டாயிரத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம், மகள் விஷ்ணுப்ரியாவின் பிரசவத்துக்காக நியூஜெர்சிக்குக் கிளம்பினாள். மீனம்பாக்கத்தில் டிராலியைப் பிடித்துக்கொண்டு, குக்கருக்கு எத்தனை விசில், கேஸை எந்தப் பக்கம் திருகி மூடுவது என்றெல்லாம் கலங்காமல் சொல்லிக்கொண்டு வந்தவள், கடைசி வாக்கியத்தில் தடுமாறினாள்.

"ஏன்னா, குண்டனை மட்டும் பாத்துக்கோங்கோ. மழையில நனைய விட்டுடாதேங்கோ. வேர் அழுகித்துன்னா அவ்வளவுதான், போயிடுவான்."

குண்டன் பிள்ளை இல்லை. கள்ளிச் செடி. விஷ்ணுப்ரியா மூன்றாம் வகுப்பு படித்தபோது நெல்லிக்காய் அளவில் வாங்கி வந்தது. பெண் வளர்ந்து, காலேஜ் போய், கல்யாணமாகிக் கடல் தாண்டினாள். குண்டன் வீட்டோடு இருந்து பெரிய பூசணிக்காய் அளவுக்கு உருண்டு திரண்டான். உடம்பெல்லாம் பொன் நிற முள். வேதா அவனோடு பேசுவாள். பெண் இல்லாத வீட்டில் அவள் பேசுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், ராகவன் இருந்தார். ஆனால் அவர் பதில் சொல்லுவார்.

கொல்லையில் குண்டனைத் தவிர இன்னும் நிறைய கள்ளிகள். அவற்றுக்கு நேர் எதிர்க் கட்சியாக ஆந்தூரியம், ஆர்க்கிட், யானைக்காது போல இலை விடும் ஏதேதோ மழைக்காட்டுச் செடிகள். இவற்றுக்கு ஈரம் வேண்டும், அவற்றுக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி பிறந்ததும் வேதா கள்ளிகளையெல்லாம் ஹாலுக்குள் தூக்கி வந்துவிடுவாள். அதன் விளைவாக ராகவன் ஒரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் டிவி செய்திகளை நின்றுகொண்டே பார்த்தார். சோபாவில் கள்ளி இருப்பதைப் பார்க்காமல் உட்கார்ந்ததால் வந்த வினை.

இந்த வருஷம் தூக்குவதற்கு வேதா இல்லை. ராகவனுக்கு இடுப்புப் பிடிப்பு. ஆகவே கொல்லையிலேயே ஒரு கண்ணாடி வீடு கட்டிவிடுவது என்று தீர்மானித்து, இரும்புலியூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மோகன்ராஜை அழைத்து வந்தார்.

"இன்னா சார் ஓணும்? கரெக்டா சொல்லு."

"வெயில் உள்ளே வரணும், மழை வரப்படாது. காத்து வேணும்னா திறக்கணும், வேண்டாம்னா மூடணும்."

"அப்போ சைடு ரெண்டும் ஜன்னலு. ஷட்டரு ஏத்தி எறக்கற மாதிரி."

"ஆமாம்."

"செடி வெக்க ரெண்டு பக்கமும் பெஞ்சு. நடுவுல ஆளு போற வழி."

"ஆமாம்."

"தரைல வெச்சா கறையான் ஏறும். ஒசத்தி வெச்சு ரெண்டு படிக்கட்டு வெச்சுடலாம். பிடிச்சுகினு ஏற கம்பி."

"ரொம்ப சரி."

மோகன்ராஜ் பீடியைக் காதில் செருகிக்கொண்டு அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "சார், நீ கேக்கறது பஸ்ஸு."

அவன் பட்டறை வைப்பதற்கு முன்னால் பஸ் பாடி கட்டும் இடத்தில் வேலை பார்த்தவன். அவனுக்குக் கைவந்தது அது ஒன்றுதான். தாம்பரத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அவன் கேட் போட்டிருக்கிறான். எல்லா கேட்டும் கொஞ்சம் பஸ் கதவு மாதிரிதான் இருக்கும்.

காயலான் கடையில் கிடந்த ஒரு பழைய பஸ்ஸின் ஜன்னல்கள் வந்தன, கம்பிகள் வந்தன. வெயில் இறங்க, கூரைக்கு ஃபைபர் ஷீட் போட்டான். பெஞ்சு எதற்குப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று பஸ் சீட்டுகளையே கொண்டு வந்து பொருத்தினான். தொழில் மேல் உள்ள மரியாதையால் முன்பக்க முகத்தையும் 'தாம்பரம்' என்று எழுதிய போர்டையும் விடவில்லை. உள்ளே ஒரு மணிக்கயிறுகூடக் கட்டினான். இவ்வளவையும் வாய் இறுக மூடிய நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் மேல் உட்கார வைத்து, பட்டைக் கம்பியால் பிணைத்தான். நீளவாக்கில் நடுவே கனத்த பாலிதீன் திரை.

"லேடீஸ் சைடுல ஈரம் கேக்கற செடி, ஜென்ட்ஸ் சைடுல கள்ளி. ஒருத்தர் வம்புக்கு ஒருத்தர் போவ மாட்டாங்கோ," என்றான்.

குண்டன் ஜென்ட்ஸ் பக்கம் முதல் சீட்டில் அமர்ந்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "குண்டன் எப்படி இருக்கான்?"

"சௌக்கியமா இருக்கான். ஜன்னல் சீட்டு."

"என்னது?"

"ஜன்னலோரமா வெச்சிருக்கேன்னு சொன்னேன்."

பின்பக்கத் தெருவில் போகிறவர்களுக்கு மதிலுக்கு மேல் போர்டும் ஜன்னல்களும் தெரிந்தன. மருந்து வாங்க சானடோரியத்தில் இருக்கும் சித்தா ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் ஞானம்மாள் ஒருநாள் நின்று, "சானடோரியம் போகுமாங்க?" என்று கேட்டாள். போகாது என்றார் ராகவன். மறுவாரம் வந்து, "இப்பவும் போகாதுங்களா?" என்று கேட்டாள். வருத்தத்தோடுதான் இல்லையென்றார்.

பிறகு மழை வந்தது. அந்த வருஷ மழையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியாது. தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஐப்பசி முழுக்க குண்டன் மேல் ஒரு சொட்டு விழவில்லை. ராகவன் குடையோடு போய் மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். விபூதி மாதிரி இருக்கும். வேதா திரும்ப இன்னும் ஒரு வாரம், நாலு நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அவள் விமானம் ஏறிய அன்று ஏரி நிரம்பி வழிந்தது.

பொழுது விடிந்து கொல்லைக் கதவைத் திறந்த ராகவன், மூடிவிட்டு மறுபடி திறந்தார். அப்போதும் அதே காட்சிதான். பின் மதில் இல்லை. கண்ணாடி வீடு இல்லை. அது நின்ற இடத்தில் இடுப்பளவு பழுப்புத் தண்ணீர். அதில் ஒரு பெருச்சாளி சாவகாசமாக நீந்திக்கொண்டிருந்தது.

வீடு உயரத்தில் இருந்ததால் தண்ணீர் கடைசிப் படியோடு நின்றுவிட்டது. வேறொருவர் என்றால் அதற்குப் பெருமாளைக் கும்பிட்டிருப்பார். ராகவனுக்கு வேதாவின் நினைப்புதான் வந்தது. கடல் தாண்டிப் போகிறவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். இப்போது எந்த நாட்டு மேல் பறந்துகொண்டிருக்கிறாளோ. நாளைக்கு வந்து இறங்கியதும், சூட்கேஸைக்கூட வைக்காமல் நேரே கொல்லைக்குத்தான் போவாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையோடு தண்ணீரில் இறங்கினார். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து ஷ்யாம்சுந்தர் கத்தினான்.

"மாமா! உங்க பஸ் வேளச்சேரி ரோடு பக்கமா போச்சு!"

"எப்போடா?"

"விடியறச்சே. ஹாரன் அடிக்காம போயிடுத்து!"

வாய் மூடிய பீப்பாய்கள். கறையானுக்காக வைத்தவை. மிதக்கும் என்று கட்டும்போது மோகன்ராஜுக்கும் தோன்றவில்லை, ராகவனுக்கும் தோன்றவில்லை. ஏரித் தண்ணீருக்குத் தோன்றியிருக்கிறது.

கரண்ட் கம்பங்களைப் பிடித்துப் பிடித்து மெயின் ரோடு வரை நடந்தார். காமராஜபுரம் பஸ் ஸ்டாப்பில் அது நின்றுகொண்டிருந்தது. நிழற்குடையை ஒட்டி, படிக்கட்டு பிளாட்பாரத்துக்கு நேராக, அங்குலம் பிசகாமல். நிஜ பஸ் ஒன்றுகூட அந்த ஸ்டாப்பில் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

உள்ளே கூட்டம்.

விடியலிலிருந்து எந்த வண்டியும் வராமல் நனைந்துகொண்டு நின்றவர்கள், 'தாம்பரம்' என்று போர்டு போட்டு ஒன்று மிதந்து வந்தால் என்ன செய்வார்கள்? ஏறிவிட்டார்கள். பெண்கள் லேடீஸ் பக்கம், ஆண்கள் ஜென்ட்ஸ் பக்கம், யாரும் சொல்லாமலே. உள்ளே இடம் இருந்தும் ஒருவன் படியில் தொங்கிக்கொண்டிருந்தான். மறைமலை நகரில் ஃபேக்டரி வேலை, பெயர் ஜீவானந்தம். அவன் ராகவனைப் பார்த்ததும் கேட்டான்:

"சார், நீங்கதான் டிரைவரா?"

ராகவனின் கண் கூரைக்குப் போயிருந்தது. எந்தக் கம்பத்திலோ இடித்து ஒரு ஷீட் பறந்துபோய், ஜென்ட்ஸ் பக்கம் முழுக்கச் சாரல் அடிக்க, முதல் சீட்டில் மழை நேராகக் கொட்டிக்கொண்டிருந்தது. சீட்டு காலி. குண்டன் இல்லை.

ஏறிப் பார்த்தார். அப்புறம்தான் கவனித்தார். எந்தச் சீட்டிலும் தொட்டி இல்லை. தொட்டிகளெல்லாம் மடிகளில் இருந்தன.

பஸ்ஸில் நிற்கிறவர்களின் பையை உட்கார்ந்திருக்கிறவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். யார் பை, உள்ளே என்ன என்று கேட்பதில்லை. ஏறியவர்கள் சீட்டில் தொட்டி இருப்பதைப் பார்த்தார்கள், எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெண்கள் ஆந்தூரியத்தைக் கைக்குழந்தை மாதிரி அணைத்திருந்தார்கள். ஆண்கள் கள்ளியைத் துண்டு சுற்றிப் பிடித்தபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு, ஆனால் விடாமல், குடை பிடித்திருந்தார்கள். ஞானம்மாளும் இருந்தாள், மடியில் ஒரு ஆர்க்கிட்டோடு. "போகாதுன்னு சொன்னீங்களே?" என்றாள்.

"இங்க ஒரு பெரிய தொட்டி... குண்டா, மஞ்சள் முள்ளு..." ராகவன் காலிச் சீட்டைக் காட்டினார்.

"உன் புள்ளையா சார் அது?" என்று லேடீஸ் பக்கத்திலிருந்து ஒரு குரல். மீன் விற்கும் அங்காளம்மா. கோவளத்திலிருந்து மீன் வராததால் காலிக் கூடையோடு வீடு திரும்ப நின்றவள். அந்தக் கூடை அவள் மடியில் இருந்தது. மேலே மீனுக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் ஷீட். அதை விலக்கினாள்.

குண்டன் உள்ளே ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"எம்மாம் ஆம்பளைங்க கீறாங்கோ, ஒருத்தன் தொடல சார் இத்த. முள்ளாம்! சுறாவையே அறுக்கறவ நானு, எனுக்கு இன்னா முள்ளு? மழைல சும்மா நனைஞ்சுகினு இருந்துச்சேன்னு தூக்கிக் கூடைல போட்டேன். ஆனா கனம் சார் உன் புள்ள. தொடை மரத்துப்போச்சு."

ராகவன் விரலைத் தொட்டி மண்ணில் விட்டார். மேலாக லேசான ஈரம். ஒரு விரற்கடை கீழே போனதும் விபூதி. குண்டனின் அடியைத் தட்டிப் பார்த்தார். கல் மாதிரி கெட்டியாக இருந்தது.

வீட்டிலிருந்து கிளம்பியபோது இழுத்த மூச்சை அப்போதுதான் விட்டார் என்று நினைக்கிறார். அந்த மூச்சில் ஒரு குடை மடங்கிவிட்டதாக ஜீவானந்தம் பிற்பாடு சொன்னான். அது மிகையாக இருக்கலாம். சின்னக் குடை.

"சார், வண்டி எடுக்குமா, எடுக்காதா?"

"எடுக்காதுப்பா. இது என் வீட்டுக் கொல்லையில நிக்கறது."

"தள்ளினா?"

யாரும் உத்தரவிடவில்லை. 'தள்ளினா' என்ற சொல் காதில் விழுந்ததும் ஆண்கள் எல்லாரும் தொட்டிகளை வைத்துவிட்டு இறங்கிவிட்டார்கள். அதுவும் பழக்கம். பெண்கள் நகர்ந்து வந்து கள்ளிகளுக்குக் குடை பிடித்தார்கள். இதற்குள் சேதி தெரிந்து ஓடி வந்த மோகன்ராஜ் பின்பக்கம் தோள் கொடுத்தான். "டேய், பாடி நம்மள்து! ஒரு வெல்டிங் வுட்டிருக்கா பாரு!" என்று தள்ளுகிற ஒவ்வொருவரிடமும் காட்டினான். அங்காளம்மா முன் சீட்டில் குண்டனோடு உட்கார்ந்து "ஐலசா" போட்டாள். மிதக்கிற வண்டிக்குப் பாரமேது? தண்ணீர் தேங்கிய தெருக்கள் வழியாக அது செம்பாக்கம் வந்து, மதில் இல்லாத கொல்லைக்குள் நுழைந்து, பழைய இடத்திலேயே நின்றது. ராகவன் எல்லாருக்கும் காபி போட்டார். கையிருப்பில் இருந்த ரவை முழுவதும் உப்புமாவாயிற்று. மோகன்ராஜ் கூரையில் வேறு ஷீட் போட்டான்.

மறுநாள் தண்ணீர் வடிந்திருந்தது. வேதா வந்தாள். நினைத்த மாதிரியே, நேரே கொல்லைக்குப் போனாள். மதில் இல்லாததைப் பார்த்தாள். பஸ் இருப்பதைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். குண்டனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள், தட்டினாள், மண்ணைத் தொட்டாள். அப்புறம் மூக்கைச் சுருக்கினாள். முட்களுக்கு நடுவிலிருந்து ஏதோ மினுமினுப்பாக ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

மீன் செதில்.

"ஏன்னா, இது என்ன?"

ராகவன் நடந்ததை நடந்தபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் சொன்னார். ஏரி, பீப்பாய், காமராஜபுரம், மடி, ஐலசா.

"இத்தனை வயசாறது. பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லத் தெரியலையே உங்களுக்கு," என்றாள் வேதா.

அப்போது மதில் இருந்த இடத்தில், தலையில் கூடையோடு அங்காளம்மா வந்து நின்றாள். இந்தத் தெருவில் யாரும் மீன் வாங்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் வரவில்லை.

"சாரு! குண்டன் எப்டி கீறான்? காய்ச்சல் கீச்சல் இல்லியே?"

வேதா அவளைப் பார்த்தாள். செதிலைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு குண்டனைப் புடவைத் தலைப்பால் சுற்றித் தூக்கி, லேடீஸ் பக்கம் போய், மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உசிரோட இருக்கானே, போறும்," என்றாள். "நாத்தம் தானா போயிடும். நீங்களும் உட்காருங்கோ. அந்தப் பக்கம்."

அவர் சீட்டை நன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்த நிம்மதியில் கை தானாக உயர்ந்து மணிக்கயிற்றை இரண்டு தரம் இழுத்துவிட்டது.

தெருவில் யாரோ, "ஹோல்டான்! ஹோல்டான்!" என்று கத்திக்கொண்டு ஓடிவரும் சத்தம் கேட்டது.