ஒரு ‘இல்ல’ போட்ட பூட்டு

“நீங்க ‘இல்ல’ன்னு சொன்னீங்க, நானும் ‘இல்ல’ன்னுதான் எழுதினேன்!”

“ஐயோ, அது கேள்விம்மா! ‘பூட்டியிருக்கு, இல்ல?’ன்னு கேட்டா பூட்டலைன்னா அர்த்தம்?”

சண்டை மூன்றாம் மாடியில். இரண்டாம் மாடியில் எல்லார் டீயும் ஆறிப்போனது. காதெல்லாம் மேலே இருந்தால் வாய் எப்படிக் குடிக்கும்?

கத்தியவள் சோதனைப் பிரிவில் சேர்ந்து ஐந்தே மாதமான பெண். பதில் கத்தியவர் அவளுடைய சீனியர். முகத்தைப் பார்த்து ஊரே வைத்த பெயர் சிடுமூஞ்சி. ஆஸ்பத்திரிக் குறிப்புகளைச் சேமிக்கும் கம்பெனி அது. டிஸ்க்குகளில் பிறர் படிக்க முடியாதபடி தகவலை மாற்றும் மறையாக்கம், அவர்கள் பேச்சில் பூட்டு, விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்யூட்டர் ஸ்கிரிப்டை அவள்தான் எழுதினாள். நிபந்தனையைச் சொன்னவர் அவர், ஓடும் பஸ்ஸிலிருந்து, போனில்: “டிஸ்க் பூட்டியிருக்கு, இல்ல? அப்ப பாஸ் போடு.” அவள் சமர்த்தாக ஒரு ‘இல்லை’யைச் சேர்த்துவிட்டாள். திறந்த டிஸ்க்குக்குப் பாஸ் என்று பச்சை, பூட்டியதற்குச் சிவப்பு. மூன்று வாரமாக ஒரே பச்சை, ஒரே பெருமை. இன்று ஒன்று மட்டும் சிவந்தது. பார்த்தால் ஒழுங்காகப் பூட்டியிருந்தது அது ஒன்றுதான். மற்ற பதினொன்றும் வாயைப் பிளந்து கிடந்தன.

நாளைக் காலை நோயாளிகளின் குறிப்புகள் அவற்றில் ஏறவேண்டும். வெள்ளிக்கிழமை அவள் வேலை நிரந்தரமாகுமா என்பது முடிவாகும்.

சிடுமூஞ்சி நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த ஒற்றைச் சொல்லை அழித்தார். ஸ்கிரிப்ட் ஓடியது: பதினொன்று சிவப்பு, ஒன்று பச்சை. அத்தனை சிவப்பைக் கண்டு அவளுக்கு உயிர் வந்தது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் பூட்டிப் பச்சையாயின.

பிறகு அவர் எழுதிய அறிக்கையை எட்டிப் பார்த்தாள். ‘வாய்மொழியாகத் தெளிவில்லாமல் சொன்னேன். பிழை என்னுடையது.’

“ஏன் சார் இப்படி எழுதினீங்க?”

“பஸ்ல தொங்கிக்கிட்டு கண்டிஷன் சொன்னது யாரு, நீயா? போம்மா, போய் டீ குடி.”

ஆறின டீயை அழுதுகொண்டே குடித்தாள்.

வேலை நிரந்தரமானது. இரண்டாம் மாடி அவசரப்பட்டு இருவருக்கும் கல்யாணமே பேசி முடித்தது; அவருக்கோ மனைவியும் இரண்டு பெண்களும் இருந்தார்கள்! அவர் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறிப்போனார். அவள் மறுவருஷம் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தில் அதிகாரி கேட்டார்: “உங்களுக்குச் சம்மதம், இல்ல?”

“அந்த ‘இல்ல’வை எடுத்துட்டுக் கேளுங்க சார்.”

முதலில் சிரித்தது, எட்டு மணி நேரம் பயணம் செய்து சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த சிடுமூஞ்சி.