இன்ஜினியரம்மாவின் படிப்பறை

மாமனார் ஒரு முடிவு எடுத்துவிட்டால் அதைத் தெருவுக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குச் சொல்வார். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய தொண்டை அவருடையது. சாதாரணமாகப் பேசினாலே எதிர்வீட்டு நாய் எழுந்து உட்காரும். தெருவில் அவருக்கு 'ஹாரன்' என்றுதான் பெயர். அது அவருக்கும் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆகவே மாடிக்கு மேல் இன்னொரு மாடி வரப்போகிறது என்ற சேதி மருமகளுக்குக் காய்கறிக்காரர் மூலமாகத்தான் வந்து சேர்ந்தது.

"என்ன இன்ஜினியரம்மா, நீங்க படிக்கிறதுக்குன்னே மேல ரூம் கட்டுறாங்களாமே! குடுத்து வச்சவங்க," என்றார் அவர், தக்காளியை நிறுத்தபடி.

குடுத்து வைத்தவள்தான், இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் பிறகு சிவில் இன்ஜினியரிங்கில் மேற்படிப்பு படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது உறவில் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். "அவ படிக்கட்டும். எவனுக்கு என்ன?" என்று ஒரே ஹாரனில் எல்லாரையும் ஓரம் கட்டியவர் இந்த மாமனார். அன்றிலிருந்து வீட்டிலும் தெருவிலும் அவள் பெயர் இன்ஜினியரம்மா ஆகிவிட்டது. படிப்பதற்கு மட்டும் இடம் கிடையாது. சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தால், அத்தை அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை அதன் மேலேயே வைப்பாள். கல்லூரியில் அவள் காட்டிய வரைபடங்களில் பாதிக்கு மேல் வட்ட வட்டமாகக் கறை இருக்கும்.

மாமனார் அதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மனுஷன் பாசத்தில்தான் ஆரம்பித்தார். வம்பே அதுதான்.

அந்தப் பருவத்தில் அவளுக்கு ஒரு பாடம், பழைய கட்டடங்களின் பலத்தைக் கணிப்பது. ஆளுக்கொரு கட்டடத்தை எடுத்துச் சோதித்து அறிக்கை எழுதச் சொன்னார் பேராசிரியர். மற்றவர்கள் பள்ளிக்கூடம், கிடங்கு என்று அலைந்தார்கள். அவள் சொந்த வீட்டையே எடுத்துக்கொண்டாள். மாடி ஏறப்போகிறதே, எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மாமாவுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தாள், பாவம்.

அந்த வீட்டில் கீழே கூடத்துக்கு நடுவில் ஒரு தூண். மேலே இருக்கிற பாரத்தில் பெரும்பங்கு அதன் தலையில்தான். அத்தையிடம் கெஞ்சிக் கூத்தாடி, தூணில் ஓர் இடத்தில் பூச்சைக் கொத்தி எடுத்தாள். கல்லூரி ஆய்வுக்கூடத்திலிருந்து டார்ச் லைட் நீளத்தில் ஒரு கருவி வாங்கி வந்திருந்தாள். முனையைக் கான்கிரீட்டில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங்கில் ஒரு சுத்தி அடித்து எம்பும். எவ்வளவு எம்புகிறதோ கான்கிரீட் அவ்வளவு கெட்டி. தூணில் எம்பவே இல்லை. கருவிதான் கெட்டுப்போச்சோ என்று வெளியே போய் நடைபாதைக் கல்லில் அடித்துப் பார்த்தாள். அங்கே நன்றாகவே எம்பியது.

கொத்திய இடத்தில் கம்பியும் தெரிந்தது. மெல்லிசுக் கம்பி, துரு வேறு.

கணக்குப் போட்டாள். தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டாள். பிறகு எல்லாவற்றையும் வீட்டுக்குச் சாதகமாக வைத்து, தாராள மனசோடு இன்னொரு தடவை போட்டாள். இருக்கிற மாடியையே அந்தத் தூண் ஏதோ புண்ணியத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறது. மேலே இன்னொன்று ஏற்ற வழியே இல்லை.

சொல்லாமல் இருந்தாள் என்று யாரும் அவள் மேல் பழி போட வேண்டாம். அன்று சாயங்காலமே சொன்னாள். மாமனாரோடு மேஸ்திரியும் டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் இந்த வீட்டைக் கட்டியவரே அவர்தான்.

"அந்தத் தூணா?" என்று மேஸ்திரி சிரித்தார். "அது போட்ட அன்னிக்கு என்ன மழை! ஞாபகம் இருக்காண்ணே? கலவை பத்தல. இருந்ததுல தண்ணிய விட்டு இழுத்துக்கிட்டோம். கஞ்சி மாதிரி வழவழன்னு இறங்குச்சு பாருங்க, அழகா!"

"ஒரு குடை கூட இல்லடா நம்மகிட்ட," என்று மாமனார் தொடையைத் தட்டினார். இரண்டு பேரும் பழைய மழையில் நனைந்து ஆனந்தப்பட்டார்கள். கான்கிரீட்டில் தண்ணீரைக் கூட்டினால் பலம் அப்படியே போய்விடும் என்பது அவளுக்கு முதல் வருஷப் பாடம். இங்கே வாக்குமூலமே கிடைத்துவிட்டது, ஆனால் கொடுத்தவர்களுக்கு அது வாக்குமூலம் என்று தெரியவில்லை.

"மாமா, அதனாலதான் சொல்றேன். மேல கட்ட வேண்டாம். இல்லன்னா முதல்ல தூணைச் சுத்திக் கம்பி கட்டி, கான்கிரீட் போட்டுப் பெரிசாக்கணும். அடியில அஸ்திவாரத்தையும் பாக்கணும்."

"கூடத்துக்கு நடுவுல இன்னும் பெரிசா? அப்புறம் டிவி எங்க வைக்கிறது?" என்றாள் அத்தை, சமையலறையிலிருந்தே.

கணவன் அவளை உள்ளே கூப்பிட்டுக் கேட்டான். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை பார்ப்பவன். எதையும் ஒரே வரியில் கேட்டுப் பழக்கம். "நீ ஒண்ணு மட்டும் சொல்லு. நிச்சயமா விழுமா?"

இந்தக் கேள்வியில்தான் அவள் மாட்டிக்கொண்டாள். "நிச்சயமா விழும்னு சொல்ல முடியாதுங்க. ஆனா பாதுகாப்பு இல்ல. எப்பன்னும் சொல்ல முடியாது."

கதவுக்கு வெளியே நின்ற மாமனார் வாய்விட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, மழை வரலாம், வராமலும் போகலாம்னு ரேடியோல சொல்ற மாதிரி இருக்கு! படிச்சவங்க எப்பவும் ஒரு கால உள்ளயும் ஒரு கால வெளியிலயும்தான் வைப்பீங்க."

விழும் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? பிற்பாடு அவள் பல தடவை அப்படி நினைத்து நொந்துகொண்டாள். ஆனால் அந்த நேரத்தில் நாக்கு புரளவில்லை. படித்த படிப்பே வாயைக் கட்டிவிட்டது.

பேராசிரியரிடம் போனாள். "சார், நீங்க ஒரு தடவை வந்து பாத்துச் சொன்னா கேப்பாங்க."

அவர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே தலையசைத்தார். "தூண்ல துளை போட்டு மாதிரி எடுத்துச் சோதிக்காம யாரும் அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. நான் வந்தா அது காலேஜே சொன்ன மாதிரி ஆயிடும். இது பயிற்சிக்கு எழுதினது. அந்த அளவுல ரொம்பப் பிரமாதமா வந்திருக்கு." பிரமாதமாம்! அவள் வெளியே வந்தாள்.

நகராட்சி அலுவலகத்துக்கும் போனாள், வீட்டில் யாருக்கும் தெரியாமல். மேல்மாடிக்கு அனுமதி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது; வரைபடத்தில் ஏதோ ஓர் இன்ஜினியர் கையெழுத்துப் போட்டிருந்தார், வீட்டை எட்டிக்கூடப் பார்க்காமல். "யார் வீட்டு மேல புகார்?" என்று கேட்டார் ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர். "எங்க வீடுதான்." அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மாமியார் வீட்டுல ஏதாவது சண்டையாம்மா? பேசித் தீத்துக்குங்க. எல்லாம் சரியாயிடும்."

வீட்டுக்குத் திரும்பியபோது தெருமுனையில் செங்கல் இறங்கிக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அவளால் முடிந்ததெல்லாம் சில்லறைச் சண்டைகள்தான். செங்கல்லுக்குப் பதிலாக எடை குறைந்த கல் வையுங்கள் என்றாள். மேஸ்திரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர்த் தொட்டியை நடுவில் வைக்காதீர்கள் என்றாள். அதை மட்டும் மாமனார் கேட்டார். "மருமக சொல்லிட்டா, தொட்டி ஓரத்துலதான்!" என்று மேலிருந்து தெருவுக்கே அறிவித்தார். அன்று முழுக்க அவருக்கு, மருமகள் பேச்சைக் கேட்டு நடக்கிறோம் என்ற திருப்தி. அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. தூணில் கொத்திய இடத்தில் அத்தை ஒரு காலண்டரை மாட்டிவிட்டாள்.

மேல்தளம் முடிந்து, அறை எழும்பி, ஜன்னலெல்லாம் வைத்து, வெள்ளையும் அடித்தாகிவிட்டது. தெருப்பக்கம் பெரிய ஜன்னல், அதையொட்டி மேஜை. நல்ல வெளிச்சம். உண்மையைச் சொன்னால் அவள் வாழ்நாளில் இவ்வளவு அழகான அறை யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. அதற்குள் போகும்போதெல்லாம் காலைப் பதமாக வைத்து நடந்தாள்.

தேர்வு முடிவு வந்தது. அந்தப் பாடத்தில் வகுப்பிலேயே அவள்தான் முதல். அறிக்கையைக் கெட்டி அட்டை போட்டு, அடுத்த வருஷ மாணவர்களுக்கு மாதிரியாக நூலகத்தில் வைக்கப்போவதாகச் சொன்ன பேராசிரியர், ஒரு பிரதியை அவளிடமும் கொடுத்தார். அதை மேஜை மேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அதுதான் அவள் செய்த தப்பு.

திரும்பி வருவதற்குள் ஹாரன் அடித்தாகிவிட்டது. "எங்க மருமக முதல் மார்க்கு! எல்லாரும் மேல வாங்க! அவ படிக்கிற ரூமைப் பாருங்க!" காய்கறிக்காரர், எதிர்வீட்டார் குடும்பத்தோடு, தையற்கடைக்காரர், மாமனாரின் பழைய டிப்போ நண்பர்கள் என்று படியில் வரிசை கட்டி ஏறினார்கள். அவள் படி வாசலில் கையை விரித்து நின்றாள்.

"வேணாம் மாமா, இவ்வளவு பேர் ஒரே நேரத்துல ஏறக் கூடாது. கீழயே உக்காந்து பேசலாமே?"

"அட, இன்ஜினியரம்மாவுக்கு வெக்கத்தைப் பாரு!" என்று டிப்போ நண்பர் ஒருவர் அவளை மெதுவாக ஒதுக்கிவிட்டு ஏறினார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள். கை விரித்து நிற்கிற ஒருத்தியைச் சுற்றிக்கொண்டு போவது எவ்வளவு சுலபம்!

கூடத்தில் நின்றாள். தலைக்கு மேல் காலடிச் சத்தம் நகர்ந்துகொண்டிருந்தது. தூணில் உள்ளங்கையை வைத்தாள். அது குளிர்ச்சியாக, ஒன்றுமே நடக்காதது போல் இருந்தது. ஓடிப்போய் சமையலறையில் டீ கலந்துகொண்டிருந்த அத்தையின் கையைப் பிடித்தாள். "அத்தை, ஒரு நிமிஷம் வெளிய வாங்க." "பால் பொங்கிடும்டி!" "பொங்கட்டும், வாங்க." அடுப்பை அணைத்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். அவ்வளவு பேரில் அவளால் வெளியே கொண்டுவர முடிந்தது அந்த ஒருத்தியைத்தான்.

மேல் ஜன்னலில் மாமனார் தெரிந்தார். அறிக்கையை மகன் கையில் திணித்துக்கொண்டிருந்தார். "எனக்கு இங்கிலீஷ் வராது. கடைசிப் பக்கத்தைப் படிடா, அதுலதான் முக்கியமானது இருக்குமாம்! சத்தமாப் படி!"

கணவன் படித்தான். முதல் வரியை விற்பனைக்காரத் தோரணையில் ஜோராக ஆரம்பித்தான். நடுத்தூண், சுமை, போதாமை. இரண்டாவது வரியில் குரல் இறங்கியது. இந்தக் கட்டடத்தின் மேல் கூடுதல் தளம் எதுவும் கட்டக் கூடாது, கட்டப்பட்டிருந்தால் அதில் ஆட்கள் கூடக் கூடாது என்ற வரி வந்தபோது நின்றுவிட்டான். வாயால் சொல்லிக் கேட்டதை அச்சில் பார்த்ததும்தான் அவனுக்கு உறைத்தது போலிருக்கிறது. முகம் வெளுத்து, ஜன்னல் வழியே கீழே அவளைத் தேடினான்.

இங்கிலீஷ் புரியாமல், படித்தது முடிந்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் கை தட்டினார்கள்.

"அப்பா, போதும், எல்லாரும் கீழ போயிடலாம்," என்று அவன் சொன்னது அந்தக் கைதட்டலில் யார் காதிலும் விழவில்லை. அவள் அத்தையின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னடி, கையை இப்படி இறுக்கிப் பிடிக்கிறே? சந்தோஷமா?" என்றாள் அத்தை.

ஒன்றும் ஆகவில்லை. டீ மேலே போனது, காலி டம்ளர்கள் கீழே வந்தன, ஒவ்வொருவராக இறங்கி அவளை வாழ்த்திவிட்டுப் போனார்கள். கடைசியாக மாமனார் வந்தார், வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் சிரிப்பாக. காலண்டருக்கு மேலே தூணை இரண்டு தட்டுத் தட்டினார்.

"பாத்தியாம்மா? தெருவே ஏறிச்சு. அசைஞ்சுதா? நீ பாட்டுக்கு இத்தனை நாள் பயந்து செத்தே."

"அப்பா..." என்று கணவன் ஆரம்பித்தான்.

"இருடா. நான் யோசிச்சுட்டேன். மேல இன்னும் ஒரு மாடி தாராளமாத் தாங்கும். நாளைக்குக் குழந்தை குட்டின்னு வந்தா எங்க வைக்கிறது?" சாப்பாட்டு மேஜையில் கிடந்த பழைய வரைபடம் ஒன்றைத் திருப்பிப் போட்டார். அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, ஓரத்தில் மட்டும் பாத்திரக் கறை. சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அவள் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"இந்தத் தடவை வெளி ஆள் எதுக்கு? வீட்டுலயே முதல் மார்க்கு வாங்கின இன்ஜினியர் இருக்கா. பிளானை நீயே போட்டுக் குடும்மா."