பெட்டியின் முன்கைப்பிடி

எங்கள் அப்பா காஸ் கோர்ஸ்கி சாகும்போதும் வாயை மூடிக்கொண்டு சாகவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி தன் மரண அறிவிப்பைத் தானே சொல்ல, என் தம்பி லென் எழுதிக்கொண்டான். பிறந்தது, இரும்பாலையில் கிரேன் ஓட்டியது, அம்மாவைக் கட்டிக்கொண்டது எல்லாம் சேர்த்து நாலே வரி. மிச்சம் முழுக்க ஃபுட்பால், கையால் பந்தைப் பிடித்து ஓடுகிற எங்கள் ஊர் ஃபுட்பால். கடைசிப் பத்தி இது:

“என் சவப்பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். எங்கள் அணி முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த உதவாக்கரைகளில் ஆறு பேர் வந்தால் போதும். முன்கைப்பிடி கார்வின் மேப்ரிக்கு. அவன் கையில் எதுவும் நின்றதில்லை. நானும் சீக்கிரமாக மண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.”

லென் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“வேண்டாம்ப்பா. அந்த மனுஷன் இன்னும் உயிரோட இருக்கான்.”

“இருந்தா வரட்டுமே, யார் வேண்டாம்னா?” என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை போய்விட்டார். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. அடுத்த நாள் பார்த்தால் நாடு முழுக்க அதைப் போனில் அனுப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் ‘உங்க அப்பா செம ஆளு’ என்று எனக்கு எழுதினார்கள். பெற்ற தகப்பன் செத்து இரண்டு நாள் ஆகவில்லை, உட்கார்ந்து அழவிடாமல் என்னய்யா சிரிப்பு என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மேப்ரி கதை எங்கள் ஏரிக்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் கல்லூரிப் பையன்களைப் பெரிய அணிகள் வரிசையாகப் பொறுக்கும். இந்தப் பொறுக்கலில், போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அந்த வகையில் எங்களுக்கு எப்போதும் நல்ல இடம் கிடைக்கும், நல்ல பையனும் கிடைப்பான், மூன்றே வருஷத்தில் உருப்படாமலும் போவான். மேப்ரியை எட்டாவது ஆளாக எடுத்த அன்று அப்பா தெருவில் இறங்கி ஆடினார். ஜார்ஜியாப் பையன், கல்லூரியில் அவன் கையில் சிக்காத பந்தே கிடையாது. இரண்டாம் வருஷம், யார் செய்த புண்ணியமோ, எங்கள் அணி தோற்றால் வெளியே என்கிற கடைசிக்கட்ட ஆட்டம் வரை போனது. கடைசி நிமிஷத்தில், எல்லைக் கோட்டுக்கு அப்பால், பிடித்தாலே ஜெயம் என்கிற இடத்தில், தனியாக நின்ற மேப்ரியிடம் பந்து நேராக வந்தது. இரண்டு உள்ளங்கையிலும் பட்டது. கீழே விழுந்தது. அம்மா செத்தபோது அழாத அப்பா அன்றைக்குக் காரில் வீடு வரும்வரை அழுதார். அடுத்த வருஷம் மேப்ரிக்கு முழங்கால் போயிற்று, அணி அவனை அனுப்பிவிட்டது, ஆனால் ஊர் மட்டும் அவனை விடவில்லை. குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிட்டால்கூட இங்கே ‘மேப்ரி’ என்றுதான் திட்டுவார்கள்.

புதன்கிழமை மதியம் அப்பாவைப் பார்க்க வருகிறவர்களுக்காக ஈமச்சடங்கு மண்டபத்தில் வைத்திருந்தோம். மறுநாள் காலை அடக்கம். அடக்கத்தன்று சாயங்காலமே இந்த வருஷத்துப் பொறுக்கல். விடுவார்களா? பெட்டிக்குத் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக நின்றுகொண்டு அப்பாவின் கூட்டாளிகள் நார்ப்பும் ட்வைட்டும் வாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் ஆலையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள், மைதானத்தில் அடுத்தடுத்த இருக்கை.

“நாளைக்கு நம்மாளுங்க எடுக்கப்போற பையனும் உதவாக்கரைதான். எழுதி வச்சுக்கோ,” என்றார் நார்ப்.

“அவன் இன்னும் ஊருக்கே வரல. அதுக்குள்ள ஜாதகம் கணிச்சிட்டியாக்கும்?” என்றார் ட்வைட்.

“ஜாதகம் எதுக்குய்யா? முதல் சுத்துல வர்றவன்ல பாதிப் பேர் நாலு வருஷம் தாங்கறதில்ல. காலேஜ்ல இவனை மறிச்சவன்லாம் யாரு? நாளைக்குப் பல் டாக்டர் ஆகப்போற பசங்க. இங்க மறிக்கிறவன் பிள்ளைகுட்டிக்குச் சோறு போடணும்னு மறிக்கிறான். அந்த அடி வேற.”

“சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கடைசியா வந்த அணிதானே முதல்ல எடுக்குது? அப்ப நல்ல பையன் எங்க போய்ச் சேர்றான்? இருக்கறதுலயே கேடுகெட்ட வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போறான். மேப்ரி இருந்த மூணு வருஷத்துல மூணு கோச்சை மாத்தினோம். எந்தப் பொண்ணுய்யா அந்த வீட்ல பிழைப்பா?”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.”

“கூடம் கோணல்தான்யா! நாம நாப்பது வருஷமா அந்தக் கோணல் கூடத்துக்குத்தானே காசைக் கொட்டிட்டு உக்காந்திருக்கோம்?”

“கோச்சா வந்து பந்தைத் தட்டிவிட்டான்? கையில வந்து விழுந்துச்சுய்யா. கையில!” நார்ப் இரண்டு உள்ளங்கையையும் அப்பாவின் முகத்துக்கு மேலே நீட்டிக் காட்டினார்.

“நார்ப்,” என்றார் ட்வைட் தணிந்த குரலில். “கையை இறக்கு.”

வாசலில் ஒரு ஆள் நின்றிருந்தான். நிலையில் தலை இடிக்கும் உயரம், கறுப்புக் கோட்டு, இடது காலை லேசாக இழுத்து நடை. டிவியில் பார்த்த முகம்தான், கன்னம் மட்டும் கொஞ்சம் கனத்திருந்தது.

நேராகப் பெட்டியிடம் வந்து அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“நீங்கதான் மகளா, மேடம்? நான் கார்வின் மேப்ரி. அப்பா போனதுக்கு வருத்தப்படறேன். முன்கைப்பிடி எனக்குன்னு போட்டிருந்துச்சு. அதான் வந்தேன்.”

அவசர உதவி எண்ணில் பதினாறு வருஷமாகப் போன் எடுப்பவள் நான். வீடு பற்றி எரிகிறது என்று கத்துகிறவர்களிடம்கூட நிதானமாகப் பேசுவேன். அன்றைக்கு அவன் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

லென்தான் முந்திக்கொண்டான். “அது சும்மா தமாஷுக்கு எழுதினதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தமாஷுன்னு தெரியும் தம்பி.” குரலில் கோபம் இல்லை. “நான் இங்கேருந்து ஒரு மணி நேரத்துல இருக்கேன். குளிருக்கு வீடுகளைச் சூடாக்கற கணப்பு எந்திரம் மாட்டற வேலை. நேத்து ஒரு வீட்டுக்காரர் போனை நீட்டி, ‘பாருய்யா, உன்னைக் கூப்பிட்டிருக்காங்க’ன்னு காட்டினாரு. நானும் சேர்ந்து சிரிச்சேன். சிரிச்சுட்டா சீக்கிரம் விட்டுடுவாங்க, அது எனக்குப் பழக்கம். வீட்டுக்குப் போற வழியில காரை ஓரமா நிறுத்திட்டு மறுபடி படிச்சேன். திட்டினவங்க நிறையப் பேர் மேடம். கடைக்குப் போனா திட்டுவாங்க, கோயிலுக்குப் போனா திட்டுவாங்க. வந்து இதைத் தூக்குன்னு யாரும் கூப்பிட்டதில்ல. கேலியோ என்னவோ, இவர் கூப்பிட்டிருக்கார்ல?”

நார்ப்புக்கு முகம் சிவந்தது. “அந்த இடம் என்னோடது. காஸ் எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். ரெனாட்டா, சொல்லும்மா இந்த ஆள்கிட்ட.”

லென் என்னைச் சன்னலோரமாக இழுத்துப் போனான். “அக்கா, வேண்டாம். ஊரே போனைத் தூக்கிட்டு வரும். அவன் நொண்டற காலை வேற பாரு. கல்லறைத் தோட்டம் மழையில சேறாக் கிடக்கு. தவறி விழுந்தா அப்பாவும் போச்சு, அவனும் போச்சு.”

அவன் சொன்னது அத்தனையும் நியாயம். எனக்கு அப்பாவின் மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு படுத்துவிட்டார் மகராசன், இப்போது பதில் சொல்ல வேண்டியது நான். ஒரு பக்கம் நாற்பது வருஷச் சிநேகிதர். இன்னொரு பக்கம், செத்தவன் விட்டெறிந்த கேலியை அழைப்பாக எடுத்துக்கொண்டு கோட்டு மாட்டிக்கொண்டு வந்து நிற்கிற மனுஷன். இவனைத் திருப்பி அனுப்பினால் அப்பா செய்ததைவிட அது கேவலம் என்று பட்டது.

அவனிடம் போனேன். “கார்வின், ஒளிக்காம சொல்றேன். நாளைக்கு நீங்க தடுமாறினீங்கன்னா ஜென்மத்துக்கும் விடமாட்டாங்க. அந்தப் பந்தையே மறந்துட்டு இதைப் பிடிச்சுக்குவாங்க.”

“தெரியும் மேடம். எங்க வீட்ல அதையேதான் சொல்லி அழுதா.”

“அப்புறமும் தூக்கணுமா?”

“தூக்கணும்.”

“அப்ப காலைல ஒன்பது மணிக்கு வந்துடுங்க,” என்றேன். நார்ப் தொப்பியை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

விடிந்தபோது ஏரிப் பக்கமிருந்து பனியும் மழையும் கலந்து அடித்தது. லென் சொன்னபடியே, மாதாகோயில் வாசலில் அப்பாவை ஒரு நாளும் பார்த்திராத கூட்டம் நின்றது. பூசை முடிந்து பெட்டியைத் தூக்கும் நேரத்தில் நார்ப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வலது பக்க நடுக்கைப்பிடியில் நின்ற எங்கள் சித்தப்பா மகனைத் தோளில் தட்டி, “நகருப்பா,” என்றார். அவன் நகர்ந்துகொண்டான். முன்னால் கார்வின், அவனுக்கு நேர் பின்னால் நார்ப், மறுபக்கம் ட்வைட்டும் லென்னும், மிச்ச இடங்களில் இன்னும் இரண்டு பேர்.

கோயில் படியில் அவர்கள் இறங்கும்போதுதான் கவனித்தேன். கூட்டத்தில் ஒருவர்கூடப் பெட்டியைப் பார்க்கவில்லை. எல்லோரும் கார்வினின் கையையே பார்த்தார்கள். போன்களும் அந்தக் கையைத்தான் குறி வைத்திருந்தன. ஒருவன் கத்துவதற்கு வாயைத் திறந்தபடி காத்திருந்தான். ஐயோ, இந்தப் பார்வையையா இந்த மனுஷன் இத்தனை வருஷம் தாங்கினான் என்று நினைத்துக்கொண்டேன். நானும் அன்றைக்கு மைதானத்தில் அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும்தான் கத்தினேன்.

கல்லறைத் தோட்டத்தில் வண்டி போகிற பாதையிலிருந்து குழி வரை ஈரப் புல். ஒவ்வொரு அடிக்கும் கார்வினின் இடது முழங்கால் உள்ளே மடிந்து மடிந்து நிமிர்ந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் நடந்த எனக்கு நார்ப்பின் முணுமுணுப்பு கேட்டது.

“மெதுவா... இடது பக்கம் ஒரு பள்ளம் இருக்கு, பார்த்து வை. ஆங், அப்படித்தான். அவசரமே இல்ல ராஜா, அவன் எங்கயும் ஓடப்போறதில்ல.”

கார்வின் தலையை மட்டும் ஆட்டினான். குழியோரம் சேற்றில் போட்டிருந்த பலகை வழுக்கி அவன் கால் அரை அடி சறுக்கியது. பின்னால் யாரோ “ஆ” என்றார்கள். பெட்டி அசையவில்லை. அவன் கழுத்து நரம்பு புடைத்து நின்றது, மூச்சை விட்டு, அடுத்த அடி வைத்தான்.

குழிக்கு மேலே, பெட்டியைத் தாங்க இரண்டு பட்டைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். “மெல்ல வைங்க,” என்றார் மண்டபத்துக்காரர். வைத்தார்கள். “சரி, விடலாம்.” லென் விட்டான். ட்வைட் விட்டார். நார்ப் விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்ற இருவரும் விட்டுப் பின்னால் வந்தார்கள்.

கார்வின் விடவில்லை. சேற்றில் ஒரு முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே இருந்தான். விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருந்தன. பாதிரியார் புத்தகத்தைத் திறந்துகொண்டு காத்திருந்தார். மண்டபத்துக்காரர் இன்னொரு முறை, “விடலாம் சார்,” என்றார். அவனுக்குக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. மழை பெட்டிமேல் விழுந்துகொண்டிருந்தது. போனைத் தூக்கியிருந்த பையன் ஒருவன் தானாகவே கையை இறக்கிக்கொண்டான்.

நான் போய் அவன் பக்கத்தில் குனிந்தேன். அவன் கைமேல் என் கையை வைத்தேன். எனக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் பொத்துக்கொண்டு வந்தது.

“கார்வின்,” என்றேன். “போதும்ப்பா. விடுங்க.”

அவன் என்னைப் பார்க்கவில்லை. பெட்டிக்கு அடியில் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரியா உக்காந்துடுச்சா, மேடம்?”

“உக்காந்துடுச்சு.”

“நிச்சயமா?”

“நிச்சயமா,” என்றேன்.

அதற்கப்புறம்தான் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான்.